தண்ணீர்விட்டான் கிழங்கு: பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வயதுக்கு வந்த மகளுக்கு, பிள்ளை பெற்ற மருமகளுக்கு, மாதவிடாய் நிற்கப்போகும் அம்மாவுக்கு என்று மூன்று தலைமுறைக்கும் ஒரே கிழங்கை வாங்கிக்கொண்டு போகிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் பொடியாகவும் இணையத்தில் மாத்திரையாகவும் விற்கும் சதாவரி, இன்று ‘பெண்களின் ஹார்மோனைச் சீராக்கும் மூலிகை’ என்ற பட்டத்தோடு சுற்றிவருகிறது. இந்தக் கிழங்கின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதனால்தான் அது எதற்கு உதவும், எதற்கு உதவாது, யார் அதைத் தொடக்கூடாது என்பதைப் பிரித்துச் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். மருத்துவரைப் பார்க்கவேண்டிய நேரத்தில் ஒரு பெண் பொடி கலந்த பாலைக் குடித்தபடி மாதக்கணக்கில் காத்திருப்பதை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

சதாவரியும் தண்ணீர்விட்டான் கிழங்கும் ஒன்றா?

ஒன்றுதான். தாவரவியலில் அஸ்பராகஸ் ரெசிமோசஸ். தமிழில் தண்ணீர்விட்டான், நீர்விட்டான் கிழங்கு, சாத்தாவரி, சதாவேரி என்று பல பெயர்கள் வழங்குகின்றன. முள்ளோடு படரும் கொடி இது. இலை போலத் தெரியும் ஊசி ஊசியான பச்சைப் பகுதிகள் உண்மையில் இலைகளல்ல, உருமாறிய கிளைகள். மணமுள்ள சிறிய வெள்ளைப் பூக்கள் பூத்து, காய் பழுக்கும்போது சிவக்கும். மருந்துக்கு உதவுவது மண்ணுக்கடியில் இருப்பது. ஒரே தூரிலிருந்து கொத்தாக இறங்கும் வேர்க்கிழங்குகள், நடுவில் பருத்து இரு முனையும் ஒடுங்கி, நீர் கோத்த வெள்ளைச் சதையோடு இருக்கும். இந்தியா முழுவதும், இமயமலையின் கீழ்ச்சரிவுகள் வரை, இது வளர்கிறது. இலங்கையிலும் நேபாளத்திலும் ஆப்பிரிக்காவிலும் உண்டு. பெரிய ஹோட்டல்களில் சூப்புக்குப் போடும் அஸ்பாரகஸ் தண்டு இதன் உறவுச் செடியே தவிர, இதுவே அல்ல.

ஊறுகாய் போடும் மாகாளிக் கிழங்கும் இதுவா?

இல்லை. மாகாளிக் கிழங்கு வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். கேரளத்தில் சதாவரிக் கிழங்கையும் ஊறுகாய் போடுவார்கள் என்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. சஃபேத் முஸ்லி என்று விற்கப்படும் வெள்ளை வேரும் வேறு செடிதான். மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பழைய மருத்துவ நூல்கள் இதைப் பற்றி என்ன சொல்கின்றன?

இதை ‘பெண்களுக்கான மூலிகை’ என்று மட்டும் அவை பார்க்கவில்லை. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாவப்பிரகாசம் என்ற ஆயுர்வேத நூல் சதாவரியை எடையான, குளிர்ச்சியான, கசப்பும் இனிப்புமான, நெய்ப்புள்ள மூலிகை என்கிறது. உடலுக்கு வலுத் தரும், கண்ணுக்கு நல்லது, விந்துவையும் தாய்ப்பாலையும் பெருக்கும், வாதத்தையும் பித்தத்தையும் தணிக்கும் என்று பட்டியல் நீள்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்துச் சொன்ன ‘ரசாயன’ மருந்து, அதாவது உடலைத் தேற்றிப் புதுப்பிக்கும் மருந்து இது. சித்த மருத்துவத்திலும் உடல் சூடு, நீர்ச்சுருக்கு, வெள்ளை, மெலிவு, பால் சுரப்புக் குறைவு ஆகியவற்றுக்குத் தண்ணீர்விட்டான் நெய்யும் லேகியமும் கொடுப்பது வழக்கம்.

இதில் கவனிக்கவேண்டிய இன்னொன்று இருக்கிறது. அதைவிடப் பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை ‘பால் சுரக்கச் செய்பவை’ என்று பத்து மூலிகைகளைத் தொகுத்துத் தருகிறது. அவற்றுள் வெட்டிவேர் இனம், நெல், குறுவை நெல், தர்ப்பை, நாணல் போன்ற புல்வகைகள்தான் நிறைந்திருக்கின்றன. அந்தப் பத்தில் சதாவரி இல்லை. பின்னால் வந்த நூல்களும் வீட்டு வழக்கமும்தான் அதைத் தாய்ப்பாலோடு இறுகப் பிணைத்தன. இதனால் சதாவரியின் பெருமை குறைந்துவிடவில்லை. ‘ஐயாயிரம் ஆண்டுகளாகப் பெண்களின் கருப்பைக்கு’ என்று அட்டைப்பெட்டியில் போடுகிறார்களே, அந்த வாசகம்தான் பழைய நூல்களோடு பொருந்தவில்லை.

‘எடையானது’ என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். எளிதில் செரிக்காது என்று பொருள். பசி மந்தமாக இருப்பவருக்கும், நெஞ்சில் சளி கட்டியிருப்பவருக்கும் நல்ல வைத்தியர் எடுத்த எடுப்பில் இதைக் கொடுக்கமாட்டார். முதலில் பசியைச் சரிசெய்வார்.

கிழங்கில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறதா?

பெண்ணின் சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் எந்தக் கிழங்கிலும் மருந்தளவில் கிடையாது. தண்ணீர்விட்டானில் இருப்பவை சதாவரின்கள் என்று பெயரிடப்பட்ட சப்போனின்கள், அதாவது நீரில் நுரைக்கும் தாவரப் பொருள்கள். அவற்றுள் சதாவரின் நான்கு என்பதை வைத்துத்தான் பல நிறுவனங்கள் தரம் பார்க்கின்றன. இவற்றின் மூல அமைப்பு ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தது. அதைப் பார்த்துவிட்டு ‘உடலுக்குள் போனதும் ஹார்மோனாக மாறிவிடும்’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மனித உடலுக்கு அப்படி மாற்றும் வழி இல்லை. ஐசோபிளேவோன் வகைப் பொருள் ஒன்றும் வேரில் கண்டறியப்பட்டிருக்கிறது. சோயாவில் இருப்பது போன்ற, ஈஸ்ட்ரோஜனைப் பலவீனமாகப் போலச் செய்யக்கூடிய வகை அது. எலிகளுக்குச் சாறு கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் மார்புத் திசுவிலும் கருப்பையிலும் மாற்றம் தெரிந்திருக்கிறது.

ஆகவே ஹார்மோனைப் பொறுத்தவரை ‘ஒன்றுமே செய்யாது’ என்றும் சொல்லமுடியாது. ‘கூடினால் குறைக்கும், குறைந்தால் கூட்டும்’ என்ற விளம்பரத்தையும் ஏற்கமுடியாது. ஒரு பொருள் ஈஸ்ட்ரோஜனைப் போலச் சிறிதேனும் நடக்கும் என்றால் அது சிலருக்கு ஆகாது என்பதும் அதோடு வந்துவிடுகிறது.

தாய்ப்பால் சுரக்க இது உண்மையில் உதவுமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. ஆய்வுகள் ஓரளவு நடந்திருப்பதும் இதில்தான்.

1996இல் இந்தியக் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த ஆய்வில் பால் போதாத 64 தாய்மார்கள் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்குச் சதாவரி சேர்ந்த கூட்டு மருந்து, மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மருந்து. பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் அளவிலும், குழந்தைக்குப் புட்டிப்பால் தேவைப்பட்ட அளவிலும் இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. 2011இல் வந்த இன்னோர் ஆய்வு இதற்கு நேர்மாறான முடிவைச் சொன்னது. 60 தாய்மார்கள், 30 நாள். சதாவரி வேர்ப்பொடி எடுத்தவர்களிடம் புரோலாக்டின் ஏறக்குறைய 33 சதவீதம் கூடியது; மற்றவர்களிடம் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே கூடியது. இரண்டுமே சிறிய ஆய்வுகள். கொடுத்த மருந்தும் ஒன்றல்ல. 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு தாய்ப்பால் பெருக்கும் மருந்துகளையும் மூலிகைகளையும் பற்றிய 41 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தது. மூலிகைகள் பால் அளவைக் கூட்டக்கூடும், ஆனால் எவ்வளவு என்று உறுதியாகச் சொல்லும் தரம் சான்றுகளுக்கு இல்லை என்பதுதான் அதன் முடிவு.

என் கருத்து இதுதான்: பிரசவமான பெண்ணுக்குப் பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, பால்சுறாப் புட்டு ஆகியவற்றோடு தண்ணீர்விட்டான் பாலும் ஒன்றாக இருக்கட்டும், அவளுக்கு அது செரித்தால். ஆனால் பால் சுரப்பதன் முதல் விதியை எந்தக் கிழங்கும் மாற்றாது. குழந்தை எவ்வளவு சப்புகிறதோ அவ்வளவு சுரக்கும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடவேண்டும். முதல் வாரங்களில் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை, இரவிலும், கொடுக்கவேண்டும். காம்பு மட்டுமல்லாமல் அதைச் சுற்றிய கரும்பகுதியும் குழந்தையின் வாய்க்குள் போகவேண்டும். இடையிடையே புட்டிப்பால் கொடுத்தால் மார்பு காலியாகாது. காலியாகாத மார்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும்.

‘பால் போதவில்லை’ என்று வீட்டில் யாரோ ஒருவர் சொன்னதை நம்பிப் பதறும் இளந்தாய்கள் ஏராளம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிக்கிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் திரும்பப் பிடித்துவிட்டதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் பால் போதுகிறது. மார்பு தளர்ந்திருப்பதும் குழந்தை மாலையில் அழுவதும் பால் குறைவுக்கு அடையாளங்கள் அல்ல. எடை ஏறவில்லை என்றால் நாட்டு மருந்துக் கடையைத் தேடாமல் அன்றே குழந்தை மருத்துவரிடம் போங்கள். தாய்க்குத் தைராய்டு குறைவு இருக்கிறதா, நஞ்சுக்கொடித் துண்டு கருப்பையில் தங்கிவிட்டதா, குழந்தையின் நாக்கு கட்டியிருக்கிறதா என்று பார்க்கவேண்டியிருக்கும். இவற்றில் ஒன்றைக்கூடக் கிழங்கு சரிசெய்யாது.

மகளுக்கு மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போகிறது, பி.சி.ஓ.எஸ். என்கிறார்கள். சதாவரி கொடுக்கலாமா?

பூப்பெய்திய முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் சுழற்சி முன்பின்னாக இருப்பது பெரும்பாலும் இயல்பு. அதற்கு எந்த மருந்தும் வேண்டாம். பெண்ணை அச்சுறுத்தாமல் இருந்தால் போதும். அதற்கு மேலும் மாதக்கணக்கில் வராமல் இருந்தால், முகத்தில் முடி, கழுத்தில் கருமை, திடீர் எடை என்று சேர்ந்தால், மகப்பேறு மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

பி.சி.ஓ.எஸ். என்றால் சினைப்பையில் கட்டி என்று பலர் நினைக்கிறார்கள். அவை முதிராமல் நின்றுபோன சிறு சினைமுட்டைப் பைகள். இதன் அடியில் பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலையும், ஆண் ஹார்மோன் கூடுதலாகச் சுரப்பதும் இருக்கின்றன. தண்ணீர்விட்டான் கிழங்கு தனியாக இதைச் சரிசெய்யும் என்பதற்கு, மனிதர்களிடம் நடந்த, நம்பத்தக்க பெரிய ஆய்வு இல்லை. இன்னும் கவலைப்படுத்துவது சந்தையில் கிடைக்கும் வடிவம். கரைத்துக் குடிக்கும் குருணையிலும் லேகியத்திலும் பெரும்பங்கு சர்க்கரை அல்லது வெல்லம். இன்சுலின் கோளாறு உள்ள பெண்ணுக்குத் தினம் இருவேளை சர்க்கரையைக் கொடுத்துவிட்டு எடை குறையவில்லையே என்று கேட்பது அவளுக்குச் செய்யும் அநீதி.

மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராமலே இருப்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கருப்பையின் உள்வரி உதிராமல் தடித்துக்கொண்டே போகும். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் அது ஆபத்து. வேகநடை, அரிசியின் அளவைக் குறைத்துப் பருப்பும் காயும் கூட்டுவது, நல்ல உறக்கம், எடை கூடியிருந்தால் சிறிதளவேனும் குறைப்பது ஆகியவை சுழற்சியைத் திரும்பக் கொண்டுவர உதவக்கூடியவை. சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவரிடம் போகிறீர்கள் என்றாலும் ஸ்கேன், இரத்தச் சர்க்கரை, தைராய்டு முடிவுகளை எடுத்துக்கொண்டே போங்கள். பட்டம் பெற்ற மருத்துவர் அவற்றைக் கேட்பார்.

வெள்ளைப்படுதலுக்கும் உடல் சூட்டுக்கும்?

சித்த மருத்துவம் இதற்குத்தான் இந்தக் கிழங்கை அதிகம் சொல்கிறது. ஆனால் முதலில் எது வெள்ளை என்று பார்க்கவேண்டும். சுழற்சியின் நடுவில் முட்டையின் வெண்கரு போல் தெளிவாக வருவது கருமுட்டை வெளிப்படும் அடையாளம், நோயே அல்ல. தயிர் போல் திரிந்து அரிப்போடு வந்தால் பூஞ்சை. நாற்றம், மஞ்சள் அல்லது பச்சை நிறம், அடிவயிற்று வலி, உறவின்போது இரத்தம் என்று எது இருந்தாலும் பரிசோதனை தேவை. கருப்பை வாய்ப் புற்றுநோயும் இப்படி வெள்ளையாகத்தான் சில நேரம் தொடங்குகிறது.

‘சூடு, அசதி, மயக்கம், முடி கொட்டுகிறது’ என்று வரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது ஹீமோகுளோபின் பாருங்கள் என்பதுதான். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவீதம். உடம்பில் இரும்புச்சத்து இல்லாதவளுக்குக் குளிர்ச்சி மருந்து கொடுத்து ஒரு பயனும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இரும்பு மாத்திரை அவளுக்கு அதிகம் செய்யும்.

கருத்தரிக்க உதவுமா?

சதாவரி சேர்ந்த பலகிருதம் போன்ற நெய் மருந்துகளை ஆயுர்வேத மருத்துவர்கள் கருத்தரிப்புக்குத் தயார்ப்படுத்தக் கொடுக்கிறார்கள். மரபில் உறுதியான இடம் அதற்கு உண்டு. ஆனால் கருக்குழாய் அடைத்திருந்தால் நெய் அதைத் திறக்காது. கணவரின் விந்தணு குறைவாக இருந்தால் மனைவி குடிக்கும் பாலால் அது கூடாது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் குறையும், தனியாகவோ பெண் தரப்புக் குறையோடு சேர்ந்தோ, இருக்கிறது. அப்படியிருந்தும் நம் வீடுகளில் மருந்தும் பத்தியமும் பழியும் பெண் தலையில்தான் விழுகின்றன. மாமியாரே பொடி வாங்கிவந்து கொடுத்தாலும், முதலில் மகனுக்கு விந்துப் பரிசோதனை என்று யாராவது அந்த வீட்டில் சொல்லவேண்டும். ஓராண்டு முயன்றும் கருத்தரிக்கவில்லை என்றால் இருவருமே மருத்துவரைப் பார்க்கவேண்டும். பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே.

கர்ப்பமாக இருக்கும்போது எடுக்கலாமா?

நீங்களாக எடுக்காதீர்கள். இதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆயுர்வேதத்தில் கர்ப்பிணிகளுக்கும் சதாவரி கொடுக்கும் வழக்கம் உண்டு; அதை மறைக்கவில்லை. ஆனால் 2006இல் வெளியான ஆய்வொன்றில், வேரின் மெத்தனால் சாற்றைக் கருவுற்ற எலிகளுக்குக் கொடுத்தபோது கருச்சிதைவு கூடியது, குட்டிகளுக்குக் கால் வீக்கம் உள்ளிட்ட குறைபாடுகள் தெரிந்தன, எடையும் குறைந்தது. எலிக்கு நடந்தது மனிதருக்கு அப்படியே நடக்கும் என்றில்லை. சாறும் வீட்டுக் கஷாயமும் ஒன்றல்ல. ஆனாலும், கர்ப்பிணிகளிடம் பாதுகாப்பானது என்று காட்டும் முறையான சோதனை இல்லாத நிலையில் சந்தேகத்தின் பலன் குழந்தைக்குத்தான் போகவேண்டும். கருத்தரிக்க முயலும் மாதங்களில் எடுப்பவர்கள், மாதவிடாய் தள்ளிப்போனதுமே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த மாதங்களில் தவறாமல் எடுக்கவேண்டியது நாளுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம்.

மாதவிடாய் நிற்கும் வயதில்?

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. திடீரென உடல் கொதித்து வியர்ப்பது, உறக்கம் கெடுவது, பிறப்புறுப்பு வறட்சி, காரணமில்லாத எரிச்சல் என்று சில ஆண்டுகள் தொல்லை இருக்கும். குளிர்ச்சியும் நெய்ப்பும் உள்ள மருந்து என்ற பழைய பார்வையில் இங்கே சதாவரி பொருந்துகிறது. சில வாரங்கள் நடந்த சிறிய சோதனைகளில் உடல் கொதிப்பும் உறக்கமின்மையும் குறைந்ததாகத் தெரிகிறது. தடை எதுவும் இல்லாதவர்கள் இரண்டு மாதம் எடுத்துப் பார்க்கலாம். பலன் இல்லையென்றால் நிறுத்திவிடலாம். எலும்புத் தேய்வை இது தடுக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். ஓராண்டு முழுதும் மாதவிடாய் நின்றபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் அது பரிசோதிக்கவேண்டிய இரத்தம். ‘சூட்டினால் வந்தது’ என்று கிழங்கு குடித்துவிட்டு உட்காரவேண்டாம்.

யார் தவிர்க்கவேண்டும்?

மார்பு, கருப்பை, சினைப்பைப் புற்றுநோய் உள்ளவர்கள், முன்பு இருந்து குணமானவர்கள், மார்புப் புற்றுநோய் மருந்தான டாமாக்ஸிஃபென் எடுப்பவர்கள். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்வரி போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), கருப்பையில் பெரிய நார்க்கட்டி உள்ளவர்களும் இதில் சேர்வார்கள். ஈஸ்ட்ரோஜனால் வளரும் நோய்களில் எச்சரிக்கை தேவை. அஸ்பாரகஸ், வெங்காயம், பூண்டு இனங்களுக்கு ஒவ்வாமை இருப்பவர்களுக்குத் தடிப்பும் மூச்சுத் திணறலும் வரலாம். கிழங்கு சிறுநீரைப் பெருக்கும் தன்மை கொண்டதால் சிறுநீர்ப் பெருக்கி மாத்திரை, மனநோய்க்கான லித்தியம் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம். சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை இறங்கவும் கூடும். லேகியமாக எடுத்தால் நேர் எதிராக ஏறும்.

எவ்வளவு, எப்படி எடுப்பது?

ஆயுர்வேத வழக்கில் வேர்ப்பொடியின் அளவு நாளுக்கு 3 முதல் 6 கிராம். ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 3 கிராம் பிடிக்கும். பாலில் காய்ச்சும் முறைக்கு நூல்கள் சொல்லும் கணக்கு, மருந்து ஒரு பங்கு, பால் எட்டுப் பங்கு, நீர் முப்பத்திரண்டு பங்கு. அதாவது 5 கிராம் பொடிக்கு 40 மில்லி பாலும் 160 மில்லி நீரும் சேர்த்து, சிறுதீயில் நீர் வற்றிப் பால் மட்டும் மிஞ்சும்வரை காய்ச்சி வடிகட்டவேண்டும். ஒரு தம்ளர் சூடான பாலில் பொடியைக் கலக்கிக் குடிப்பது அவசரத்துக்குச் சரி. செரிப்பது சற்றுக் கடினம். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் வெந்நீரில் எடுக்கலாம்.

வயிறு உப்பினாலும், சளி கட்டினாலும், தளர்வாக வயிற்றோட்டம் வந்தாலும் அளவு கூடிவிட்டது என்று பொருள். மார்பில் வலியோ அசாதாரண உதிரப்போக்கோ வந்தால் நிறுத்தவேண்டும். எந்தப் பொருளையும் போல, காரணம் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் குடிக்கக் கூடாது.

நெய், லேகியம், பொடி, மாத்திரை: எதை வாங்குவது?

மெலிந்து, வறண்ட உடம்புக்கு நெய் ஏற்றது. விலை அதிகம், கொழுப்பும் அதிகம். கேரள மருந்தகங்கள் ‘சதாவரி குளம்’ என்ற பெயரில் விற்கும் லேகியம் வெல்லத்தில் செய்வது. பாலூட்டும் மெலிந்த தாய்க்குச் சுவையாக இருக்கும், நீரிழிவுக்காரருக்கு ஆகாது. மாத்திரைகளில் பொடியும் உண்டு, செறிவூட்டிய சாறும் உண்டு. 500 மில்லிகிராம் பொடியும் 500 மில்லிகிராம் சாறும் ஒன்றல்ல என்பதை அட்டையில் படியுங்கள். பெரும்பாலோருக்கு நான் சொல்வது கிழங்கையே வாங்கி அரைக்கச் சொல்வதுதான்.

நல்ல கிழங்கை எப்படி அறிவது?

காய்ந்த கிழங்கு வெளிர் மஞ்சளோ இளம் பழுப்போ, நீளவாக்கில் சுருக்கம் விழுந்திருக்கவேண்டும். மேல்தோலும் நடு நரம்பும் நீக்கியது நல்லது. மென்றால் முதலில் இனிப்பு, பிறகு இலேசான கசப்பு. இனிப்புள்ள பொருள் என்பதால் பூச்சி விரைவில் வரும், ஈரத்தை இழுக்கும். துளை, தூசு, பூசண வாடை இருந்தால் வாங்காதீர்கள். சந்தையில் அஸ்பராகஸ் இனத்தின் வேறு வேர்களும் கலந்து வருகின்றன, பொடியாகிவிட்டால் கண்ணால் பிரிக்கமுடியாது.

பொட்டலமாக வாங்கினால் மருந்து உரிம எண், தயாரிப்பு நாள், தொகுதி எண் மூன்றும் இருக்கவேண்டும். கன உலோகங்களுக்கு இந்திய ஆயுர்வேத மருந்துகளில் வரம்பு வகுத்திருக்கிறார்கள்: ஈயம் 10, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் இந்த வகை உலோகம் இருந்தது. பாலூட்டும் தாயின் உடம்பில் ஈயம் சேர்ந்தால் அது குழந்தைக்குப் போகும். ஆகவே பரிசோதனை அறிக்கையைக் கேட்டால் தரும் நிறுவனத்திடம் வாங்குங்கள். கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆண்கள் எடுக்கலாமா? கிழங்கைத் தவிர வேறு பகுதி உதவுமா?

ஆண்களும் எடுக்கலாம், பழைய நூல்களே சொல்கின்றன. இளந்தண்டை நேபாளத்தில் குரிலோ என்று காய்கறியாகச் சமைக்கிறார்கள். இலங்கையில் ஹாத்தாவாரிய என்ற பெயரில் இலையை அரைத்து, அரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காலையில் இலைக்கஞ்சி காய்ச்சுவது வழக்கம். உணவாகச் சாப்பிடுவது இப்படித்தான், மருந்துக் கணக்கு வேறு.

வீட்டில் வளர்க்கலாமா?

வளர்க்கலாம், நான் எல்லோருக்கும் சொல்வதும் அதைத்தான். காட்டில் இதைத் தோண்டி எடுப்பவர்கள் கிழங்குக் கொத்தை முழுதாகப் பிடுங்கினால் செடி அங்கேயே முடிந்துவிடும். தேசிய மருத்துவத் தாவர வாரியம் சாகுபடியை ஊக்குவிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். விதை முளைக்க மெதுவாக இருக்கும், தூரைப் பிரித்து நடுவது எளிது. மணல் கலந்த, நீர் தேங்காத மண், ஏறிப் படர ஒரு கம்பு, ஓரளவு வெயில் போதும். குறைந்தது அகலமான பெரிய தொட்டி வேண்டும், முள் இருப்பதால் குழந்தைகள் ஓடும் பாதையில் வைக்காதீர்கள். கிழங்கு பருக்க ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு பிடிக்கும். கொடி மஞ்சளாகும் பருவத்தில் ஒரு பக்கம் மட்டும் தோண்டி, வேண்டிய கிழங்குகளை அறுத்துக்கொண்டு, தூரையும் மிச்சத்தையும் மண்போட்டு மூடிவிடுங்கள். எடுத்ததைக் கழுவி, வெந்நீரில் இட்டுத் தோலுரித்து, நடு நரம்பை இழுத்துப் போட்டு, நிழலில் ஈரம் போகும்வரை உலர்த்தி, காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். ஒரேயடியாக அரைத்து வைக்காமல், மாதத்துக்குத் தேவையானதை மட்டும் அவ்வப்போது பொடித்துக்கொள்வது நல்லது.